பூஜையில் வைத்த பெல்ட்

அம்மா விட்டுப்போன தையல் மெஷினுக்குப் பெல்ட் அறுந்துவிட்டது. கடைவீதிக்குப் போய், "பெல்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் கணக்கில் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "எந்த பெல்ட்டுங்க? மனுசனுக்கா, மெஷினுக்கா, நாய்க்கா?" என்றார்.

"எங்க காலத்துல மூணுக்கும் ஒண்ணுதானுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து புதுப் பெல்ட்டை மாட்டி மிதித்தேன். மெஷின் ஓடியது. எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. இங்கிலீஷ்காரன் எத்தனையோ சொல்லை இங்கே விட்டுவிட்டுப் போனான். ரோடு, லைட்டு, டிக்கெட்டு என்று நாமும் அள்ளி வைத்துக்கொண்டோம். அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் வரும். சொல்லை எடுத்துப் போயிருந்தால் மட்டும் என்ன, நம் ஆட்கள் வேறு பெயர் வைத்து அடித்திருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

என் அப்பா போலீஸ்காரர். நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் சாமி படம், நடுச்சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் பெல்ட் தொங்கும். நாலு விரல் அகலத் தோல். முன்னால் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைத் தகடு. தகட்டில் அப்பாவின் நம்பர் மேலே எழும்பியிருக்கும். வீட்டில் யாருக்கும் சொந்தமாக ஓர் இடம் கிடையாது, பெல்ட்டுக்கு மட்டும் இருந்தது.

அதைத் துலக்குவது பெண்களின் வேலை. புளியும் சாம்பலும் போட்டு அம்மா தகட்டைத் தேய்ப்பாள். முகம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். தோலுக்கு அக்கா எண்ணெய் போடுவாள். எண்ணெய் ஊறிய தோல் நன்றாக வளையும், வளைந்த தோல் நன்றாக விழும். எங்களை அடிப்பதற்கு நாங்களே சாணை பிடித்துக் கொடுத்தோம் என்று இப்போதுதான் எழுதுகிறேன். அப்போது அது வீட்டு வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அப்பா டூட்டி முடிந்து வருவார். தொப்பியைக் கழற்றுவார், காலில் சுற்றிய பட்டியை அவிழ்ப்பார். பெல்ட்டைக் கழற்றும்போது நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்போம். தகடு ஆணியில் இடித்து 'டங்' என்று சத்தம் வந்தால் அன்று சோறு இறங்கும். சத்தம் வராவிட்டால் பெல்ட் இன்னும் கையில் இருக்கிறது என்று அர்த்தம். குழம்பில் உப்பு, வாசலில் நின்று பேசியது, கேட்டதற்கு உடனே பதில் சொல்லாதது, கேட்காமல் பதில் சொன்னது, எல்லாவற்றுக்கும் அதுதான். தோல் முனையால் அடித்தால் வரி வரியாகத் தடிக்கும். தகட்டு முனையால் அடித்தால் சதை பிய்யும். ஒருமுறை அம்மாவின் தோள்பட்டையில் நம்பர் அப்படியே பதிந்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்ட அக்கா, "நம்பரு திரும்பிக் கெடக்குது. கண்ணாடியில பாத்தா சரியாப் படிக்கலாம்" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். வலியோடு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வரிசையில் ஒரு செவலை நாய் இருந்தது. அப்பாவின் பழைய பெல்ட் கிழிந்தபோது அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து நாயின் கழுத்தில் கட்டினார். அதற்கும் பெல்ட் என்றுதான் பெயர். பெல்ட் கட்டிய நாயை ஊரில் யாரும் கல்லால் அடிக்கமாட்டார்கள், போலீஸ் நாய் என்று மரியாதை. அப்பாவும் அதை ஒருநாளும் அடித்ததில்லை. அதன் தலையைத் தடவித் தன் தட்டிலிருந்து எலும்பு போடுவார். பெல்ட் போட்டவர்களில் நாய்க்கு மட்டும்தான் அதனால் நன்மை வந்தது.

அம்மாவின் அண்ணன் மாட்டு யாவாரி. இடுப்பில் பச்சை பெல்ட் கட்டியிருப்பார். பை வைத்துத் தைத்த அகலமான பெல்ட். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, பேனாக்கத்தி என்று என்ன கேட்டாலும் அதிலிருந்து வரும். ஆள் ஐயனார் சிலை மாதிரி இருப்பார். சந்தையில் மிரண்டு ஓடிய காளையைக் கொம்பைப் பிடித்து மண்டிபோட வைத்தவர். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அம்மா காத்துக்கொண்டிருந்தாள். சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்தார். அம்மாவின் கையில் வீக்கத்தைப் பார்த்தார். பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து காயத்துக்குப் போடும் களிம்பு டப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"பொறுத்துப் போ சாமி. ஆம்பளைன்னா அப்படித்தான். மாப்பிள்ளை நல்ல மனுசன், குடிதான் கெடுக்குது."

மாட்டுக்குப் போடுகிற களிம்பு அது. நான் மோந்து பார்த்தேன்.

எங்கள் வரிசைக்கு எதிரே பஞ்சு அரைக்கும் மில் இருந்தது. எண்ணெய் இன்ஜின் ஓடும், அதிலிருந்து நீளமான பெல்ட் கூரை உயரத்துக்குப் போய்ச் சக்கரங்களைச் சுற்றும். பெல்ட்டைத் தைத்த இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் பளார் பளார் என்று அறை விழுகிற மாதிரி சத்தம் வரும். பகல் முழுக்க அந்தச் சத்தம். மற்றவர்களுக்குப் பழகிப்போனது, எனக்கு இன்றுவரை பழகவில்லை. ஒருநாள் சத்தம் பாதியில் நின்றது. பெல்ட் நழுவினால் இன்ஜினை நிறுத்தாமலே கையால் தள்ளி மாட்டுவது அங்கே வழக்கம். நிறுத்தினால் திரும்பச் சூடேற்றிக் கிளப்ப வெகுநேரம் ஆகும். அப்படி மாட்டப் போன ஒரு கூலிக்காரனின் கையைப் பெல்ட் இழுத்துவிட்டது. தோளோடு போய்விட்டது. அப்பாதான் விசாரிக்கப் போனார். திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். "சின்ன வயசு. கை தனியா பஞ்சுக்குள்ள கெடந்துதுங்கறேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. என் அப்பா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அன்று சாயங்காலம் விளக்கில் எண்ணெய் ஊற்ற மறந்ததற்கு அம்மாவுக்கு அடி விழுந்தது. அவர் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்கும் சுலபமாக இருக்கும். அவருக்கு நெஞ்சு இருந்தது. அது வாசலுக்கு வெளியில்தான் வேலை செய்தது.

எல்லோரும் கள்ளைத்தான் குற்றம் சொன்னார்கள். அம்மாவும் அதை நம்பினாள். அப்பா தினமும் குடிப்பார், ஆனால் கால் தள்ளாடாது, கை மட்டும் கொஞ்சம் தடுமாறும். கள்ளு நின்றால் அடி நிற்கும் என்று அம்மா ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலித்த மாதிரிதான் வந்தது மதுவிலக்கு. ராஜதானியிலேயே முதலில் எங்கள் சேலம் ஜில்லாவில்தான் கள்ளுக்கடைகளை மூடினார்கள். எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். அம்மா உடைத்த தேங்காயில் பூ இருந்தது. நல்ல சகுனம் என்று அதை எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தாள்.

அப்பா குடியை விட்டுவிட்டார். சட்டத்தைக் காக்கிறவர் சட்டத்தை மீறலாமா? திருட்டுத்தனமாகக் கள் இறக்கிய மரமேறிகளைத் தேடிப் பிடித்து, அதே பெல்ட்டால் தெருவில் வைத்து விளாசினார். அந்த வீட்டுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவதை நாங்கள் கதவிடுக்கில் பார்த்தோம். வீட்டுக்கு வந்தார். தகடு ஆணியில் இடிக்கும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. குடித்துவிட்டு அடித்தால் பாதி அடி சுவரில் விழும். குடிக்காமல் அடித்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மாவின் முகத்தை அன்று பார்த்தேன். வலியைவிட அந்த நம்பிக்கை உடைந்ததுதான் அதில் தெரிந்தது. அடுத்த சந்தைக்கு வந்த மாமாவிடம், "குடியை உட்டுட்டாருங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவர் பச்சை பெல்ட்டைத் தடவிக்கொண்டு மாட்டு விலையைப் பற்றிப் பேசினார்.

பிறகு அக்காவின் காது போனது. பரேடில் யாரோ ஓர் அதிகாரி, தகட்டின் ஓரத்தில் பித்தளையில் பூக்கும் பச்சைக் களிம்பு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் அப்பாவைத் திட்டிவிட்டார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், துலக்கியது அக்கா. அப்பா வீட்டுக்கு வந்தார். பெல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து வீசினார். தகடு அக்காவின் இடது காதோரம் இறங்கியது. அவள் கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று அப்பா வாய்க்கு வாய் சொல்வார். உதவியது போதும் என்று அன்று அம்மா முடிவு செய்திருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. போலீஸ்காரர்களுக்குத் தீபாவளியைவிட அது பெரிது. லத்தி, துப்பாக்கி, விலங்கு, பெல்ட் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் திரும்பக் கற்பூரம் காட்டி எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வைத்த கைதான் எடுக்க வேண்டும். எங்கள் வரிசையில் அது எழுதாத சட்டம். அவசரத்துக்குப் பூஜையிலிருந்து லத்தியை உருவிக்கொண்டு ஓடிய ஒருவனுக்கு முழங்கால் சில்லு நொறுங்கியது என்று அப்பாவே வருஷா வருஷம் சொல்வார். மனிதர்கள் யாருக்கும் பயப்படாத அவர் அந்த ஒன்றுக்குப் பயந்தார்.

அந்த வருஷம் அம்மா தேன் ஒழுகப் பேசினாள்.

"ஏனுங்க, அருவாமனையையும் முறத்தையும் வெச்சா ஆயுத பூஜைங்களா? போலீஸ்காரர் ஊடுன்னு தெரிய வேண்டாமுங்களா? உங்க பெல்ட்டை இங்க வெச்சுக் கும்புட்டா எங்களுக்கும் பெருமைதானுங்க."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தானே ஆணியிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வட்டமாகச் சுருட்டி வைத்து, தகட்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூவும் வைத்தாள். அந்த ஒரு ராத்திரி நாங்கள் பயமில்லாமல் தூங்கினோம்.

மறுநாள் காலையில் பெரிய அதிகாரி பரேடு பார்க்க வருகிறார் என்று அப்பா அவசரப்பட்டார். காக்கி உடுத்து, பட்டி சுற்றி, தொப்பி வைத்து நின்றார். இடுப்பு மட்டும் வெறும் இடுப்பு. பெல்ட் இல்லாமல் பரேடுக்குப் போனால் தண்டனை, மேல்பதவியும் கைநழுவும். "ஏ புள்ள, கற்பூரத்தைக் காட்டி எடுத்துக் குடு" என்றார்.

அம்மா தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். காட்டவில்லை. பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ற ரெண்டு பொண்ணுங்க மேல இது இனிப் படாதுன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. எடுத்துத் தாறேன்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியம் எங்கள் பக்கத்தில் கோர்ட்டைவிடப் பெரிது. மீறினால் குலம் விளங்காது என்பார்கள். அப்பா முகம் கறுத்துக் கையை ஓங்கினார். அறைந்தார். தட்டு ஆடியது, கற்பூரம் விழவில்லை. இரண்டாவது முறையும் அறைந்தார். அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் தட்டில் சொட்டியது. அவள் நகரவில்லை. "எடுத்துக்குங்க. நீங்களே எடுத்துக்குங்க" என்றாள். அவர் பெல்ட்டைப் பார்த்தார். குனிந்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஸ்டேஷன் மணி அடித்தது.

அப்பா உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். "பொண்ணுங்க மேல படாது. போதுமா?" என்றார்.

அம்மா உடனே இன்னொரு கற்பூரம் ஏற்றிச் சாமிக்குக் காட்டினாள். பெல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் போன பிறகுதான் அக்கா கேட்டாள், "ஏம்மா, உன்ற பேரைச் சேத்துக்கல?" அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டையும் கேட்டா ஒண்ணும் கெடைக்காது சாமி" என்றாள்.

எனக்கு அப்போது வந்த கோபம் அப்பா மேல் இல்லை, அம்மா மேல். தன்னை விட்டுவிட்டு எங்களை மட்டும் எப்படிக் காப்பாற்றலாம் என்று கோபம். அந்தக் கோபத்துக்கு அன்று சாயங்காலமே வேலை வந்தது. பரேடுக்குப் பிந்தி வந்ததற்கு அப்பாவுக்குத் திட்டு விழுந்திருந்தது. பெல்ட்டை உருவிக்கொண்டு அம்மாவை நோக்கி வந்தார். அக்கா எப்போதும் போல ஓடிப்போய் அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றாள். பெல்ட் மேலே போனது. மேலேயே நின்றது. அக்காவின் மேல் படக்கூடாது. "அக்கட்டால போ" என்று கத்தினார். அக்கா தன் நல்ல காதை அவரிடமிருந்து திருப்பிக்கொண்டு கேட்காத மாதிரி நின்றாள். அப்பா பெல்ட்டை வீசி எறிந்தார். மண்பானை உடைந்தது. அம்மா உடையவில்லை.

அன்றிலிருந்து அக்காவும் நானும் டூட்டி பார்த்தோம். அப்பா வீட்டில் இருக்கும்போது எங்களில் ஒருத்தி அம்மாவை விட்டு ஒரு முழம் நகரமாட்டோம். ஒருத்தி தண்ணீருக்குப் போனால் இன்னொருத்தி இருப்போம். சுவரோரம் அம்மா, முன்னால் நாங்கள். அவர் கை, கால், விறகு என்று சில நாள் இறங்கினார். அதுவும் எங்கள் மேல் பட்டது, வாங்கிக்கொண்டோம். ஆனால் சத்தியம் செய்த வீட்டில் அவருக்கு எங்களை நேராகப் பார்க்கவே கூசியது. அடிகள் குறைந்தன. பெல்ட் ஆணியில் இடிக்கும் சத்தம் தினமும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் சோறு தின்றோம்.

ஆனால் பெண்கள் கல்யாணமாகிப் போகிறவர்கள். அது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அக்காவை ஓமலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அவள் போகும்போது என் காதில், "நீ நில்லு" என்றாள். நான் நின்றேன். வருகிற மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வேண்டுமென்றே தலைவிரி கோலமாக வந்தேன், காப்பியில் உப்பைப் போட்டேன். அப்பா பல்லைக் கடித்தார். கடைசியில் அம்மாதான் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"எனக்காக நீ கெழவியாகோணுமா? போ சாமி. நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துக்குவே?"

அவள் என் விரிந்த தலையை வாரிப் பின்ன ஆரம்பித்தாள். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் காடு தோட்டம் உள்ள ஒருவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாப்பிள்ளை பெல்ட் போடுவாருங்களா?" பச்சை பெல்ட் கட்டுவார் என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

கல்யாணமாகி அவர் வீட்டுக்குப் போன அன்று மத்தியானம், குளிக்கப் போவதற்காக அவர் பெல்ட்டை அவிழ்த்தார். நான் தன்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் பின்னால் மறைக்க அம்மா இல்லை, முதுகில் சுவர் மட்டும் இருந்தது. அவர் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பெல்ட்டின் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார். கல்யாணச் சந்தடியில் எனக்கென்று வாங்கி வைத்து மறந்துபோனதாம். பாதி உருகியிருந்தது. அதைத் தின்றுகொண்டே அழுதேன். அழுதது அவருக்காக இல்லை. இந்த நேரத்தில் அங்கே அம்மாவின் முன்னால் யாரும் இல்லையே என்று அழுதேன்.

மறுவீட்டுக்கு மாட்டு வண்டியில் வந்தோம். வரிசைப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அப்பா வெள்ளை வேட்டியில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்று நின்றார். ஆரத்தித் தட்டை ஒரு பக்கம் பக்கத்து வீட்டு அம்மா பிடித்தாள், மறுபக்கம் என் அம்மா. தூக்கும்போதே அம்மாவின் பக்கம் சரிந்தது. அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. இடது கையை உதவிக்குக் கொண்டுவந்தாள், அந்தக் கையும் நடுங்கியது. சிவப்புத் தண்ணீர் என் புதுப்புடவையில் கொட்டியது. அம்மா, "கை வழுக்கிருச்சு சாமி" என்றாள். முந்தானை நழுவியபோது கழுத்துக்குக் கீழே பார்த்தேன். வரி வரியாகக் கறுத்திருந்தது. சேர்த்து வைத்திருந்த வருஷங்களை எல்லாம் அந்த மனுஷன் ஒரே மூச்சில் தீர்த்திருந்தார்.

நான் வாசற்படி ஏறவில்லை. திரும்பி என் வீட்டுக்காரரிடம், "மாட்டை அவுக்காதீங்க" என்றேன். அம்மாவின் இடுப்பில் கை கொடுத்து வண்டிப் பக்கம் கூட்டிப்போனேன்.

அம்மா, "கோழிக் கொழம்பு வெச்சிருக்குதுடி, ஆறிப் போயிரும்" என்றாள்.

"ஆறட்டும்."

அப்பா உள்ளே பாய்ந்தார். ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டுதான் வந்தார். நான் அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டு முன்னால் நின்றேன். எங்கள் பழைய இடம். ஊரே பார்த்தது. "அடிங்க பாக்கலாம்" என்றேன். என் வாழ்க்கையில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. பெல்ட் அவர் கையில் தொங்கியது. என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறி மாட்டைத் தட்டினார். நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். மறுவீட்டுக்கு வந்தவள் சீருக்குப் பதில் ஆத்தாளைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று அந்த ஊரில் ரொம்ப நாள் பேசினார்களாம். பேசட்டும்.

என் மாமியார் வண்டியிலிருந்து இறங்கிய அம்மாவைப் பார்த்தார். விதவை, தனியாகப் பண்ணையம் பார்த்தவர், வாய் அதிகம் பேசாதவர். "வாங்க சம்பந்தி. மொதல்ல சுடுதண்ணி வெக்கறேன், குளிங்க" என்றார். அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை.

அம்மாவின் கை ஓரளவு தேறி வரும்போது அப்பா வந்தார். சைக்கிளில், முழு உடுப்பில், தகடு பளபளக்க. அவரே துலக்கியிருப்பார் போல, ஓரத்தில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது. மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சம்பந்தி. உள்ள சாமி வெளக்கு எரியுதுங்க. தோலை வெளிய வெச்சுட்டு வாங்க."

கோயிலுக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி வண்டி நுகத்தடியில் மாட்டினார். பெல்ட் இல்லாத அப்பாவின் வயிறு சரிந்திருந்தது. அவர் அவ்வளவு சின்ன மனிதர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"கெளம்பு" என்றார் அம்மாவிடம்.

அம்மா உள்ளே போனாள். மூட்டை கட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அவள் கையில் தட்டு இருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது.

"அன்னைக்குப் பொண்ணுங்களுக்குச் சத்தியம் பண்ணுனீங்க. காப்பாத்துனீங்க, இல்லைங்கல. இன்னைக்கு எனக்குப் பண்ணுங்க. இப்பவே வாரேன்."

அப்பா கற்பூரத்தைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்தார். கை தட்டுக்கு மேலே வந்தது. அணைத்துவிடுவார், அம்மா போய்விடுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை அங்கேயே நின்றது, பிறகு மெல்ல இடுப்புக்குப் போய், அங்கே பெல்ட் இல்லாததைத் தடவிப் பார்த்தது.

"பொண்டாட்டிக்கு எவனாச்சும் சத்தியம் பண்ணுவானா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார். பொய்ச் சத்தியம் செய்து அவளைக் கூட்டிப்போயிருக்கலாம். அதை அவர் செய்யவில்லை. தன்னால் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல அந்த ஒன்றுதான் இருக்கிறது.

அவர் வெளியே போய் நுகத்தடியிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கட்டினார். தகடு மாட்டும் சத்தம் கேட்டது. சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. சுடவில்லையா என்று நான் வாங்கப் போனேன், விடவில்லை. கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, கடைசிவரை எரிந்து தானாக அணைந்தது. அம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

"நேரமாச்சு. சோத்துக்கு ஒலை வெக்கட்டுங்களா சம்பந்தி?" என்று என் மாமியாரிடம் கேட்டாள்.